பேகம்பூருக்குப் போகாத சேதி

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
17-11-1963

அன்பு மகன் இன்னாசிக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் தங்கை ரோசம்மாளும் அவள் பிள்ளைகளும் இங்கே சுகமாயிருக்கிறோம். அந்தச் சீமைக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டும். இந்த முறை உன் சுகத்தோடு உன் அறைத் தோழன் முனீரின் சுகத்தையும், முக்கியமாக அவன் வலது கையின் சுகத்தையும் மறுதபாலில் எழுது. போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், முனீரின் வீட்டிலிருந்து அவனுக்கு ஏன் ஒரு வரி கூட வரவில்லை, ஏதாவது கோபமா என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பேனா வேறு சங்கதிகளுக்கே ஓடுகிறது. ரோசம்மாளின் சின்னவனுக்குப் பல் முளைக்கிறது, ராத்திரி முழுக்கச் சிணுங்குகிறான். கிணறு நிறைந்துவிட்டது. ஐப்பசி மழை நன்றாகப் பெய்ததில் நத்தம் தோப்பில் மாமரங்களுக்கு அடியில் இடுப்பளவு புல். தோப்பு வேலைக்காரி மூக்காயி நேற்று முன்தினம் ஒரு கண்ணாடி விரியனைக் கண்டு கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அதனால்தான் நீ கப்பலில் அனுப்பிய புல்வெட்டும் மெஷினுக்கு இந்த மாதம் ஓயாத வேலை.

அந்த மெஷினைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன், ஒளிப்பானேன். டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால் அடியில் கத்தி சுழன்று புல்லைப் பொடியாக்குவதைப் பங்குச் சாமியாரையே அழைத்து வந்து காட்டினேன். அது போன வாரம் ஒழுக ஆரம்பித்தது. டிரைவர் சோலைமலை காலையில் கியர் பெட்டியில் எண்ணெய் ஊற்றினால் மத்தியானத்துக்குள் காலி, வெட்டிய புல்லின் மேல் கறுப்பாக ஒரு கோடு. மூடியைச் சரியாக முடுக்கவில்லை என்று அவனைத் திட்டினேன். அவன் மெஷினைக் கழற்றி மரக்கட்டைகள் மேல் கவிழ்த்து, ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகிக் கத்தியின் நட்டைத் திறந்து காட்டினான். கத்தியைச் சுழற்றும் தண்டு பெட்டியை விட்டு வெளியே வருகிற இடத்தில் எண்ணெயைத் தடுக்க ஒரு வளையம் உண்டு, அதைத்தான் சீல் என்கிறார்கள். மாங்கிளைகளுக்கு முட்டுக் கட்டிய பழைய தேங்காய்நார்க் கயிறு புல்லோடு இழுபட்டு, தண்டில் தலைமுடி போலச் சுற்றி, அந்த வளையத்தை அறுத்திருந்தது. இப்படியே எண்ணெயில்லாம ஓட்டுனா கியருல பல்லும் பல்லும் உரசி மெஷினு பழைய இரும்புக் கடைக்குத்தாம்மா போகும் என்றான். உனக்கு எழுதி வரவழைத்தால் தை மாதம் ஆகும். மதுரைக் கடைகளிலும் அந்த அளவு வளையம் இல்லை. தோல்ல வெட்டிப் போட்டா நிக்கும், பம்புக்கு வாஷர் வெட்டுற சௌகத் அலி பாயி பேகம்பூர்ல இருக்காரு, அவரு கைய விட்டா ஆளில்ல என்றான். சௌகத் அலி முனீரின் தகப்பனார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. மாதாவின் திருநாளுக்கு முன் நீ எழுதியிருந்தாய்: வேலை செய்யுமிடத்தில் முனீரின் வலது கை ஒரு மெஷினில் சிக்கிவிட்டது, உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேனா பிடிக்க நாளாகும், வேறு கையெழுத்தில் கடிதம் போனால் பெற்றவள் பயந்து போவாள், அதனால் அம்மா, நீங்களே நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்லுங்கள், நாங்கள் அறை மாறிய புது விலாசத்தையும் கொடுங்கள் என்று. போய்ச் சொல்லிவிட்டேன், கவலைப்படாதே என்று உனக்குப் பதில் எழுதினேன். நான் போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அவர்கள் இருக்கும் தோல்ஷாப்புத் தெருவின் நாற்றத்தை நினைத்தேன். ஒரு தோல் வியாபாரி வீட்டு வாசலில் உன் அப்பாவின் மனைவி போய் நிற்பதா என்றும் நினைத்தேன். பிறகு, இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று நினைத்தேன். பொய் சொல்லாதே என்று உன்னை முழங்காலில் நிறுத்திய கைதான் அந்தப் பதிலை எழுதியது.

சோலைமலையிடம் அறுந்த வளையத்தைக் கொடுத்தனுப்பினேன். போனவன் திரும்பி வந்து, பாயி வெட்டித் தாராராம், ஆனா ஒங்கள ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்றாரும்மா, வீட்டுல என்னமோ கேக்கணுமாம் என்றான். வெள்ளிக்கிழமை ஜட்கா பிடித்துப் போனேன். தெருமுனையில் ஓடிகோலன் வாசனைத் தண்ணீர் தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்தவள் அவர்கள் வீட்டுக்குள் போன பின்பும் எடுக்கவில்லை. முனீரின் அம்மா குர்ஷித் பேகம், வாங்கம்மா வாங்க, நம்ம வீட்டுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா என்று சிரித்துக்கொண்டே நாற்காலியில் துவைத்த விரிப்பைப் போட்டாள். நன்னாரி சர்பத் கொண்டு வந்தாள். என் கைக்குட்டையைப் பார்த்தாள். எழுந்து போய், தோல் காயும் முற்றத்துப் பக்கமிருந்த பின்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பிறகு கேட்டாள். ஆடி மாசத்துலேர்ந்து எம்பிள்ளகிட்டேர்ந்து ஒரு வரி இல்லம்மா, இவுக போட்ட லெட்டரும் ஆளில்லன்னு திரும்பி வந்துருச்சு, ஒங்க மகனும் அவனும் ஒரே ரூம்புலதான இருந்தாக, ஒங்களுக்கு வர்ற லெட்டர்ல அவனப் பத்தி எதுனாச்சும் இருக்கா, உசுரோட இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, எனக்கு அது போதும் என்றாள். நான் சொன்னேன். கையில் அடி, எலும்பு கூடி வருகிறது, விரல் அசைகிறது, புது விலாசம் இதுதான் என்றேன். ஆனால் இன்னாசி, கடிதம் இப்போதுதான் வந்தது என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இந்தச் சேதியச் சொல்லவா இம்புட்டுத் தூரம் நீங்களே வந்தீக, அல்லா ஒங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான் என்று அழுதாள். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். சர்பத்தையும் குடித்தேன்.

சௌகத் அலி பட்டறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் போலும், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து, மெஷினு எங்க புள்ளைக இருக்குற சீமையிலேர்ந்து வந்தது, நானே பாத்து வெட்டுறேம்மா என்றார். தோலை வட்டமாக நறுக்கி, ஊறவைத்து, மர அச்சில் அழுத்தி உள்விளிம்பை உதடு போல மடித்துப் படிய வைத்து, காயவிட்டு, உருக்கிய மெழுகும் விளக்கெண்ணெயும் குடிக்க வைத்து மறுநாள் அனுப்பினார். சோலைமலை தண்டிலிருந்த பிசிறைத் தேய்த்து எடுத்து, உதடு எண்ணெயைப் பார்த்து இருக்கும்படி வைத்து, மரத்துண்டால் சுற்றிலும் மெதுவாகத் தட்டி இறக்கினான். எண்ணெய் ஊற்றி நெடுநேரம் ஓட்டிவிட்டு, ஒழுகுதான்னு பாக்க அடியில விரிக்க ஒரு வெள்ளைத் துணி குடுங்கம்மா என்றான். கையிலிருந்த கைக்குட்டையைக் கொடுத்தேன். சாயங்காலம் எடுத்தபோது ஒரு பொட்டுக் கறை இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மெஷின் சரியான சந்தோஷம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இன்று காலைப் பூசையில் அந்தப் பொய்யோடு நற்கருணை வாங்க எழுந்திருக்க முடியவில்லை. கோவிலிலிருந்து நேரே பேகம்பூருக்குப் போனேன், கைக்குட்டை இல்லாமல். கடிதம் எப்போது வந்தது, நான் ஏன் வரவில்லை என்று நின்றபடியே சொன்னேன். குர்ஷித் பேகம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. தெனம் தபால்காரருக்கு முன்னாடி வாசல்ல நின்னேம்மா, லெட்டர் திரும்பி வந்த அன்னிக்கு அவன் மவுத்தாயிட்டான்னே நெனச்சுட்டேன், நீங்க இந்தா ரதவீதியிலதான இருக்கீக, எங்க தெரு நாத்தம் அம்புட்டுத் தூரமா ஆக்கிருச்சு என்றாள். சௌகத் அலி, விடு புள்ள, வந்து சொல்லிட்டாகள்ல என்றதற்கு, நீங்க செத்த சும்மா இருங்க என்றாள். பிறகு முறத்தை எடுத்து மறுபடி புடைக்கத் தொடங்கினாள். விரிப்பும் இல்லை, சர்பத்தும் இல்லை. நான் நின்றிருந்த நேரம் முழுக்கப் பின்கதவு திறந்தே கிடந்தது, அதை யாரும் சாத்தவில்லை. அதுதான் நியாயம்.

மகனே, இந்தக் கடிதத்தை முனீருக்கு வாசித்துக் காட்டு, எனக்காக ஒரு வரியையும் விடாதே. இடது கையாலாவது கோணல்மாணலாக அவனை மூன்று வரி எழுதச் சொல். அதை நேரே அவன் வீட்டு விலாசத்துக்குத் தபாலில் போடு, என் வழியாக அனுப்பாதே. கம்பளிச் சட்டையை ஈரத்தோடு போடாதே, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, காகிதத்தில் ஓரம் விட்டு எழுது. சர்வேசுரன் உங்கள் இருவரையும், அந்தக் கையையும் காப்பாராக. மறந்துவிடப் போகிறேன், கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல வாசனைக் கைக்குட்டை வாங்கி அனுப்பாதே, எனக்கு வேண்டாம்.

உன் அம்மா,
பிலோமினாள்