அறுந்த வாலுக்குப் பலன்

14-8-1975, வியாழன். பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்.

விறகுக் கட்டோடு வந்த புள்ளிப் பல்லியை பிஸ்கட் டின்னில் வைத்து, கரப்பான் பிடித்துப் போட்டு வளர்க்கிறேன். பக்கத்து வீட்டுச் செல்லத்தாய்க்கு அது பொறுக்கவில்லை. இன்று நான் கோயிலுக்குப் போன நேரத்தில் விளக்குமாற்றால் அடித்துவிட்டாள். உயிர் தப்பியது, வால் போயிற்று.

சாயங்காலம் முகம் வெளுத்து வந்து நின்றாள்.

"யக்கா, அந்த வாலு துள்ளி வந்து என் கால்ல விழுந்துச்சு. பஞ்சாங்கத்துல பலன் பாத்துச் சொல்லுங்க."

முழுப் பல்லி விழுந்தால்தான் பலன். வாலுக்குக் கிடையாது. எனக்குத் தெரியும்.

"எந்தக் காலுடி?"

"இடது."

பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து, பேசாமல் மூடி வைத்தேன். அழுதுகொண்டே போனாள். முருகா, நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

பல்லி இன்னும் கரப்பானைத் தொடவில்லை. செல்லத்தாயும் ராத்திரி சாப்பிடவில்லையாம். முதலில் பல்லி தின்னட்டும்.