நீங்கள் வைத்துவிட்டுப் போன சோறு

இன்று மத்தியானம் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் கலஹா பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் ஒருவர் சோற்றுப் பார்சலைப் பிரித்தார். கத்தரிக்காயும் கருவாடும் சேர்த்து வைத்த குழம்பு, புளி கொஞ்சம் தூக்கலாக. அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. எழுந்து நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் நடந்தேன். அந்த மனிதர் நான் அவருடைய சோற்றைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். "சாப்பிடுறீங்களா அக்கா?" என்று பார்சலைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். வெட்கமாகப் போய்விட்டது. வந்த பஸ்ஸில் அவசரமாக ஏறிக்கொண்டேன். தம்பி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்றுதான் பையோடு கிளம்பியிருந்தேன். பேராதனை வந்ததும் அந்த எண்ணமும் பிடிக்காமல் போய், இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் கண்டிக்கே திரும்பிவிட்டேன். இந்த வாரத்தில் இப்படிப் பாதி வழியில் திரும்புவது இது முதல் தடவையும் இல்லை.

கத்தரிக்காயில் புளியை அப்படி அள்ளிப் போடுகிற ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் போனதிலிருந்து வீட்டுக்குள் இருக்க முடிகிறதில்லை. வெளியே போனால் வீட்டுக்கு வரத் தோன்றுகிறது, வந்தால் செருப்பைக் கழற்றுமுன் திரும்பப் போகத் தோன்றுகிறது. இதற்கு நடுவில் ஒரு தலைவேதனை. சார்ஜாவில் நான் வேலை செய்த ஹோட்டல் லோண்டரியின் மலையாளி சூப்பர்வைசர் சேச்சி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். ஆள் வேண்டுமாம், பழைய ஆளே வந்தால் நல்லதாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நம் பிரவீனோ, "அம்மா, இந்த வயசுல இனி எங்கயும் போக வேணாம். கொழும்புக்கு வந்து எங்களோட இருங்க" என்கிறான். போவதா, இருப்பதா என்று யாரிடம் கேட்பது? எதற்கெடுத்தாலும் உங்களிடம் கேட்டுப் பழகியவள் இல்லை நான். ஆனால் நான் முடிவெடுத்த பிறகு "இது சரிப்படாது புள்ள" என்று சொல்ல நீங்கள் இருந்தீர்கள். அப்படிச் சொன்னால்தான் எனக்கு அந்த முடிவில் ஒரு பிடி வரும்.

சார்ஜாவில் நாம் குடும்பம் நடத்திய அழகை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஒரு ஃபிளாட்டைப் பலகை அடித்துப் பிரித்ததில் நமக்குக் கிடைத்தது ஒரு கட்டிலும், ஒரு இரும்பு அலுமாரியும், அதற்குப் பிறகு ஆள் திரும்பக் கொஞ்சம் இடமும். எனக்குப் பகல் வேலை. உங்களுக்கு மரக்கறி மொத்தச் சந்தையில் இரவு வேலை. என்னை ஏற்றிக்கொண்டு ஹோட்டல் வேன் போகும். அதற்குப் பிறகு உங்களை இறக்கிவிட்டு சந்தை வேன் போகும். உங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு, எனக்குச் செவ்வாய்க்கிழமை. உங்கள் லீவு நாளில் நான் அடுத்தவன் கட்டில் விரிப்புக்கு இஸ்திரி போட்டேன், என் லீவு நாளில் நீங்கள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினீர்கள். எப்போதாவது என் வேன் பிந்தினால் மாடிப்படியில் எதிரும் புதிருமாகச் சந்திப்போம். நீங்கள் ஏறுவீர்கள், நான் இறங்குவேன். "சாப்பிட்டியா?" என்பீர்கள். "வச்சிருக்கேன்" என்பேன். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இருக்காது, ஆனால் நமக்குப் போதுமாக இருந்தது.

வேலைக்குப் போகிறவர், வரப்போகிறவருக்கு சமைத்து வைக்க வேண்டும். இதை யாரும் உட்கார்ந்து பேசி வைத்த சட்டமில்லை, தானாக வந்தது. நான் காலையில் சமைப்பது நீங்கள் வந்து சாப்பிட, மிச்சம் நீங்கள் இரவுக்குக் கட்டிக்கொண்டு போக. நீங்கள் சாயங்காலம் சமைப்பது நான் வந்து சாப்பிட, மிச்சம் என் மறுநாள் டப்பாவுக்கு. ஆக, அத்தனை வருஷமும் நான் சமைத்ததை நான் சாப்பிடவில்லை, நீங்கள் சமைத்ததை நீங்கள் சாப்பிடவில்லை. லீவு நாளிலும் ஒருவர் தட்டை எடுத்தால் மற்றவர் கடைக்கென்று இறங்கிவிடுவோம், ஒருவர் சாப்பிடுவதை மற்றவர் பார்த்ததும் இல்லை.

ஆள்தான் இல்லை, சண்டைக்கு ஒரு குறைவும் இல்லை. உங்களுக்குக் கோபம் என்றால் வெறும் பருப்பு. தாளிப்புக்கூட இருக்காது. மூடியைத் திறந்ததும், ஓஹோ, துரைக்கு இன்றைக்கு முகம் சரியில்லை என்று தெரிந்துவிடும். என் வழி வேறு. எனக்குக் கோபம் வந்தால் உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைப்பேன். முருங்கைக்காய்க் குழம்பு, நெத்தலிப் பொரியல், தேங்காய்ச் சம்பல். இவ்வளவு செய்கிற பெண்டாட்டியைத் திட்டினோமே என்று ஒவ்வொரு வாயும் உறுத்தட்டும் என்று. உங்களுக்கு அது உறுத்தியதா என்று இன்றுவரை தெரியாது. சட்டி மட்டும் வழித்து வைத்த மாதிரி காலியாக இருக்கும்.

ஒரே ஒரு நாள் மழை கொட்டி அந்த ஊர் ரோடெல்லாம் ஆறாகி, முதல் நாள் சாயங்காலம் உங்கள் வேனும் வரவில்லை, காலையில் என் வேனும் வரவில்லை. பகல் முழுக்க இரண்டு பேரும் விழித்தபடி அந்தப் பலகை அறைக்குள். நல்ல சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? நாம் என்ன செய்தோம்? நீங்கள் கட்டிலில் உட்கார்ந்தால் நான் எழுந்தேன், நான் உட்கார்ந்தால் நீங்கள் ஜன்னலுக்குப் போனீர்கள். கடைசியில் ஜன்னல் சீலையைக் கழற்றித் துவைத்தோம். அழுக்கே இல்லாத சீலை அது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பிழியும்போது, "பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக்கூட எனக்கு இவ்வளவு கூச்சம் வரல புள்ள" என்றீர்கள். நான் சிரித்துச் சிரித்து சீலையைக் கீழே போட்டுவிட்டேன். மறுபடியும் அலச வேண்டியதாயிற்று.

அப்புறம் உங்கள் முழங்கால் சொன்னபடி கேட்காமல் போக, நாடு திரும்பினோம். கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, மேட்டில், நாம் அங்கிருந்தபடியே போனில் வந்த படம் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. வந்த முதல் நாள் நான் சமைத்தேன், இரண்டு தட்டு வைத்தேன், எதிரெதிரே இரண்டு கதிரை. நீங்கள் ஒரு வாய் எடுத்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், கையை இறக்கிவிட்டீர்கள்.

"என்னாங்க, நல்லால்லையா?"

"சோறு நல்லாத்தான் இருக்கு. நீ பாத்துக்கிட்டே இருந்தா தொண்டையில எறங்க மாட்டேங்குது."

எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் எனக்கும் இறங்கவில்லை. மறுநாளே பழைய வழிக்குப் போய்விட்டோம். பகலுக்கு நான் சமைத்து மூடி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவேன். நீங்கள் சாப்பிடுவீர்கள். ராச்சாப்பாட்டை நீங்கள் பொழுதோடு சமைத்து வைத்துவிட்டுச் சந்திக் கடைப் பக்கம் நடந்துவிட்டு வருவீர்கள். நான் சாப்பிடுவேன். மிச்சம் பழையபடி அவரவர் அடுத்த வேளைக்கு. நமக்கு அது நிம்மதியாக இருந்தது. பார்த்தவர்களுக்குத்தான் நிம்மதி போய்விட்டது.

பக்கத்து வீட்டு நஸீமா, முஸ்லிம் வீட்டுப் பழக்கப்படி நானும் தாத்தா என்று கூப்பிடுகிற அந்த அக்கா, ஒரு நாள் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "புள்ள, ஒரே ஊட்டுல ஈந்துட்டு ஆளுக்கொரு நேரம் திங்கிறீங்க. ஒராள் உள்ள வந்தா ஒராள் வெளிய போறீங்க. என்ன கோவமா ஈந்தாலும் எனக்கிட்ட சொல்லுங்க, நான் பேசி வெக்கிறேன்." கோபமே இல்லை தாத்தா என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்பவில்லை. பிரவீனுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார். அவன் லீவு போட்டுக்கொண்டு கொழும்பிலிருந்து ஓடி வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ரெண்டு பேரும் பிரியப் போறீங்களாமே?" என்றான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "ஏன் புள்ள, போறோமா?" என்றீர்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினேன். பாவம், பையன் நான் அழுகிறேன் என்று நினைத்து என் பின்னாலேயே வந்தான்.

தம்பி வீட்டில் வளர்ந்த பிள்ளை அவன். அவனுக்கு நம்மைப் போனில்தான் தெரியும். எப்படி விளக்கிச் சொல்வது?

பெரியாஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோதும் அப்படித்தான். நெஞ்சுவலி குறைந்துவிட்டது, இனிப் பயமில்லை என்றார்கள். நான் குழைய வடித்த சோறும் மிளகு ரசமும் கொண்டுவந்து திறந்து வைத்தேன். கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்து, "கொஞ்சம் வெளிய இருந்துட்டு வா புள்ள" என்றீர்கள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி என்னை இரக்கத்தோடு பார்த்தாள், புருஷன் விரட்டுகிறான் என்று. எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. பசி வந்துவிட்டது, சாப்பிடப் போகிறீர்கள் என்று சந்தோஷமாகத்தான் வெளியே போனேன். வராந்தாவில் நின்று எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது டப்பா காலி. "உப்பு சரியா இருந்திச்சு" என்றீர்கள். அன்று சாயங்காலமே போய்விட்டீர்கள். நீங்கள் கடைசியாகச் சாப்பிட்டதையும் நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வினோதமான கஷ்டம். நான் சமைத்ததை என்னால் சாப்பிட முடியவில்லை. வாயில் வைத்தால் யாருக்கோ வைத்ததைத் திருடித் தின்கிற மாதிரி இருக்கிறது. கடையில் ரொட்டி வாங்குகிறேன், இடியப்பம் வாங்குகிறேன். நஸீமா தாத்தா மதில் மேலால் ஒரு பீங்கான் சோறு நீட்டினால் அன்றைக்கு வயிறு நிறையும். "இப்பிடியே ஈந்தா ஆளே இல்லாமப் போயிடுவீங்க புள்ள" என்று திட்டுகிறார். பிரவீன் வீட்டில் மருமகள் நன்றாகத்தான் சமைப்பாள். ஆனால் நான் சாப்பிடும் வரை எதிரில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் போடவா அத்தை?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நல்ல பிள்ளை. அவளிடம் எப்படி எழுந்து வெளியே போ என்று சொல்வது?

இன்று பேராதனையிலிருந்து திரும்பி வந்த கையோடு, நின்றபடியே சேச்சிக்குப் போன் எடுத்தேன். போவதாகவும் இல்லை, மறுப்பதாகவும் இல்லை. என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவள் முந்திக்கொண்டாள். "ஒரு விஷயம், பகல் ஆள் நிறைந்துவிட்டது. இரவு வேலைதான் இருக்கிறது. உனக்குப் பழக்கமில்லை, பரவாயில்லையா?" என்று கேட்டாள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தேன்.

பிரவீனிடமும் சொல்லிவிட்டேன். "தனியா அங்க போய் என்னாம்மா செய்வீங்க?" என்று கேட்டான். வீட்டில் இருக்க முடியவில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது பாதிதான் உண்மை. மீதியை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

இரவெல்லாம் மூட்டை தூக்கிவிட்டுக் காலையில் அந்த மாடிப்படி ஏறும்போது உங்களுக்கு எவ்வளவு பசித்திருக்கும்? அத்தனை வருஷமும் அந்தப் பசிக்குத்தான் சமைத்தேன், ஒரு நாள்கூட அதைக் கண்ணால் பார்க்கவில்லை. என்னிடம் இன்னும் இருப்பது நீங்கள் சாப்பிடும் அளவு மட்டும்தான். இப்போதும் அரிசி அள்ளினால் கை உங்கள் அளவுக்குத்தான் அள்ளுகிறது. அங்கே போய் வேலைக்குக் கிளம்புமுன் அந்த அளவுக்குச் சோறாக்கி மூடி வைப்பேன். விடிந்து, களைத்து, நீங்கள் வருகிற நேரத்துக்கு நான் வருவேன். அப்போதாவது பசிக்கிறதா என்று பார்க்கிறேன்.