பர்வீனை ஒளித்து வைத்த ஞாயிற்றுக்கிழமை

பர்வீனின் துணிப்பையைத் திறந்ததும் கிராம்பு மணத்தது. பூச்சி அண்டாமல் இருக்க, மடித்த துணிகளுக்கிடையே நீ கிராம்பு போட்டு வைப்பாய். உன் மகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. உள்ளே புதுச் சுடிதார் ஒன்று, விலைச்சீட்டு கூடக் கிழிக்காமல் இருந்தது. அண்ணன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்கு வாங்கியது என்றாள்.

அதை ஏன் இங்கே தூக்கிக்கொண்டு வந்தாய் என்று கேட்டேன்.

"ஃபங்ஷன் உங்க வீட்லதான்னு அண்ணன் சொல்லிச்சு ஆன்ட்டி."

நீ கண்ணை மூடிய பிறகு எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. முப்பது வயதைத் தாண்டிய பெண்ணிடம், அதுவும் யார் எது சொன்னாலும் நம்புகிற பெண்ணிடம், பொய் சொல்லி என் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான் உன் மகன். நான் அப்போதுதான் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். அவன் காரைவிட்டுக்கூட இறங்கவில்லை. சாயங்காலம் வந்து கூட்டிப் போகிறேன் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

அவனைப் போனில் பிடித்தேன். மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் நாலு மணிக்கு அவனுடைய மேடவாக்கம் வீட்டுக்கு வருகிறார்களாம். பர்வீனைப் பார்த்தால் கேட்பார்களாம். கேட்டால் அவளுக்குச் சின்ன வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது வெளியே வருமாம். பிறகு உன் மார்பில் வந்ததும் வருமாம்.

"ஒரே குடும்பத்துல ரெண்டு கேன்சர்னா யார் ஆன்ட்டி பொண்ணு எடுப்பாங்க?"

நாவலூரில் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு கூட்டத்தையே வைத்து வேலை வாங்குகிறவன் பேசுகிற பேச்சா இது? தெரியாமல் பேசினால்கூட மன்னிக்கலாம். மருத்துவர் சொன்னதையெல்லாம் நீ அவனுக்கு உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறாய். நானும் பக்கத்தில் இருந்தேன்.

அவன் கல்லூரி விடுதியில் இருந்தபோது பிறந்தவள் இவள். அந்த வயதில் நீ பிள்ளை பெற்றதற்கே தெரு சிரித்தது. இரண்டு வயதில் அவள் காலெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப்போனது, முகம் வெளிறியது. நீ கிள்ளுகிறாய் என்று ஒரு கூட்டம் பேசியது. பக்கத்து கிளினிக் டாக்டரோ, டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் இப்படித்தான் சோர்ந்து கிடக்கும் என்று டானிக் எழுதிக் கொடுத்தார். நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "இந்தக் குழந்தைக்கு ரத்தம் வேற கலரா டாக்டர்? டெஸ்ட் எழுதுங்க" என்றாய். அன்று நீ எழுந்து வந்திருந்தால் இன்று பர்வீன் இல்லை.

உன் கணவர் துபாயில். என் கணவர் லீவு போட்டு என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, நாம் இருவரும் தாம்பரத்தில் ரயில் ஏறிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை முறை போயிருப்போம்! அங்கே இருந்த இளம் பெண் மருத்துவர் பொறுமைசாலி. எனக்குப் புரியாமல் நான் எந்த அறையையும் விட்டு வெளியே வருகிறவளில்லை, அவரும் சலித்துக்கொள்ளவில்லை. இருபத்தோராவது குரோமோசோம் எல்லோருக்கும் இரண்டு, இவளுக்கு மூன்று. குடும்ப வழியில் வந்ததல்ல, கரு உருவாகும்போது நேர்ந்தது என்று உங்கள் ரத்தத்தையும் பார்த்துச் சொன்னார். அந்தக் கூடுதல் குரோமோசோம் இருக்கிற பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்; ஆனாலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. வந்தாலும், இவளுக்கு வந்த வகை மருந்துக்கு நன்றாகவே கேட்கும். இந்த உடம்பு மருந்தின் கடுமையைத் தாங்காது, ஆகவே அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார்.

பின்னாளில், செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் நான் விடாமல் கேட்டு மீதியையும் தெரிந்துகொண்டேன். வயிற்றில் இருக்கும்போதே அந்த மூன்றாவது குரோமோசோம் ரத்தச் செல்களை அளவுக்கு மீறிப் பெருகச் சொல்கிறது. அந்தச் செல்களில் இன்னொரு மரபணு தற்செயலாகப் பழுதுபட்டால்தான் நோய்க்கு வழி திறக்கிறது. அந்தப் பழுது அந்தச் செல்களோடு சரி. யாரிடமிருந்தும் வாங்கியதல்ல, யாருக்கும் கொடுக்கப்போவதுமல்ல. இதைப் புரிந்துகொள்ள எனக்கு கான்வென்ட்டில் படித்த உயிரியல் போதுமாக இருந்தது. உன் மகனுக்கு இன்ஜினியரிங் போதவில்லை.

வார்டில் உன் மாமியார் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு எதற்கு இத்தனை ஊசி, அல்லா கூப்பிட்டால் விட்டுவிடு என்றார். நீ ட்ரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "அப்ப உங்க பிரஷர் மாத்திரையையும் நிறுத்திடலாம் மாமி" என்றாய். பக்கத்துக் கட்டில்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த அம்மாள் வார்டுப் பக்கம் வரவில்லை.

பல வருடங்கள் கழித்து உனக்கு மார்பில் கட்டி வந்தபோது, உன்னைப் பற்றி நீ முதலில் கேட்கவில்லை. பர்வீனுக்கும் இது வருமா என்றுதான் கேட்டாய். உன்னுடையது பரம்பரை வகையல்ல என்று சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள். அதோடு, இவளைப் போன்றவர்களுக்கு மார்புப் புற்றுநோய் மிக அரிது, ரத்தத்தில் கெடுதல் செய்த அதே குரோமோசோம் மற்ற இடங்களில் கட்டிகளைத் தடுக்கிறது போலிருக்கிறது, எப்படி என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். நீ சிரித்தாய். "பாத்தியாடி, என் பொண்ணு என்னைவிட கெட்டிக்காரி" என்றாய். அந்தக் கெட்டிக்காரியைத்தான் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் ஒளித்து வைத்தார்கள்.

விலைச்சீட்டைக் கிழித்து, சுடிதாரை இஸ்திரி போட்டு உடுத்தச் சொன்னேன். தலையைப் பின்னிவிட்டேன். தண்ணீர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்து மேடவாக்கம் போய்ச் சேர்ந்தபோது, விருந்தாளிகள் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உன் மகன் கதவருகிலேயே, "ஆன்ட்டி, ப்ளீஸ்" என்றான். நகர்ந்து நில் என்றேன். அவனுக்குச் சின்ன வயதில் சோறு ஊட்டியவள் நான், நகர்ந்தான்.

பர்வீன் உள்ளே போய் எல்லோருக்கும் சலாம் சொன்னாள். அண்ணன் மகளின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணும் நகர்ந்து இடம் கொடுத்து, இவள் கையைப் பிடித்துக்கொண்டது. அவளையாவது ஒழுங்காக வளர்த்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா சுற்றி வளைக்கவில்லை. விஷயம் தங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றார். உறவில் யாரோ சொல்லிவிட்டார்களாம். நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்தோம், மூச்சுக்கூட விடவில்லை, அப்போதுதான் இது ரத்தத்தில் ஓடுகிற நோயோ என்று பயம் வந்தது என்றார். மறைத்ததுதான் உன் மகனை மாட்டிவிட்டது.

நான் சொன்னேன். மருத்துவர் எனக்குச் சொன்ன மாதிரியே, ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. அப்போது பர்வீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு பிளட் கேன்சர் வந்துச்சு. சரியாயிடுச்சு. உங்களுக்கு என்ன வியாதி?"

அந்த அம்மாள் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "சுகர்மா" என்றார், மெல்லிய குரலில். பர்வீன் எழுந்து போய் அவர் முன்னால் இருந்த குலாப் ஜாமூனை எடுத்துவிட்டு, மிக்சர் தட்டை நகர்த்தி வைத்தாள். மாப்பிள்ளையின் அக்காதான் முதலில் சிரித்தாள்.

அவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. உன் மகன் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம்.

உன் நினைவு நாளில் ஆளாளுக்கு உன்னைப் பொறுமைசாலி, பொறுமைசாலி என்றார்கள். கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. நீ எங்கே பொறுத்தாய்? கிளினிக்கில் பொறுத்தாயா, வார்டில் பொறுத்தாயா? உன் மகளை ஒரு படி கீழே வைத்துப் பேசிய ஒருவரையாவது சும்மா விட்டாயா? அந்தக் கோபத்தை நீ மகனுக்கு விட்டுப் போனதாக நினைத்திருப்பாய். அவனிடம் அது இல்லை. என்னிடம் இருக்கிறது, சூடு குறையாமல் வைத்திருக்கிறேன். இந்த இடம் தட்டிப்போய் வேறு வீட்டார் பெண் பார்க்க வந்தால், அன்று காலையிலேயே போய் ஹால் சோபாவில் நானும் பர்வீனும் உட்கார்ந்திருப்போம். அதை உன் மருமகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.