நான் உதறிவிட்ட கசடு

நெய்வேலி, வட்டம் 21
12-1-2025

அன்புள்ள சவரிராஜ் அவர்களுக்கு,

நலம். மஸ்கட்டில் மகன் வீட்டில் தாங்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே பனி அதிகம். காலை நடையைப் பாதியாக்கிவிட்டேன்.

பூச்சி பிடிப்பதை விட்டுவிட்டு, கிடைத்திருக்கும் பர்மனன்ட் வேலையில் சேரும்படி லிடியாவிடம் எடுத்துச் சொல்லக் கேட்டிருந்தீர்கள். அதற்காகவே நேற்று கம்மாபுரம் பக்கத்து ஓடைக்கு அவளுடன் போனேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன். எனக்கு அப்படித்தான் பேச்சு வரும்.

முழங்கால் தண்ணீரில் நின்று, கல்லைப் புரட்டி, வலையில் விழுவதையெல்லாம் வாளியில் சேர்க்கிறாள் தங்கள் மகள். நல்ல தண்ணீரில் மட்டும் வாழும் பூச்சி எத்தனை, சாக்கடையிலும் பிழைப்பது எத்தனை என்று எண்ணினால் ஓடையின் உடல்நிலை தெரிந்துவிடுமாம். முப்பத்து நான்கு வருடம் ஆய்வகத்தில் தண்ணீர் சோதித்த எனக்கு இது தெரியாது. மாடு ஓட்டி வந்த கனகம் என்ற அம்மாள், மீனும் புடிக்காம நண்டும் புடிக்காம காலையிலேர்ந்து இன்னாத்துக்கும்மா தண்ணியில நின்னுகினு இருக்கே என்று கேலி செய்தார். லிடியா நல்ல தண்ணீர்ப் பூச்சி ஒன்றைத் தட்டில் விட்டுக் காட்டினாள். இத்தினியூண்டுக்கு மூணு வாலா என்று அவரும் உட்கார்ந்துவிட்டார்.

வாளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் மேல்புறம் போனாள். சோதனைக்கு எடுத்த மாதிரியைக் கலங்கலாக அப்படியே வைக்கக் கூடாது என்பது என் கைப்பழக்கம். தோள் துண்டில் வடிகட்டி, கசடை ஓடையில் உதறிவிட்டு, தெளிந்த தண்ணீரைப் பத்திரமாக மூடி வைத்தேன். பிறகுதான் உறைத்தது: அவளுக்கு வேண்டியதே அந்தக் கசடுதான்.

அவள் திரும்பி வந்ததும் சொன்னேன். போன மாத எண்ணிக்கையையே எழுதிக்கொள்ளலாமே என்றும் உளறினேன். அங்கிள், அது போன மாசத்து ஓடைங்க என்று சிரித்தாள். மாதிரி தவறுதலாகக் கொட்டப்பட்டது, மீண்டும் எடுக்கப்படுகிறது என்று நோட்டில் எழுதினாள். என் பெயரை எழுதவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மறுபடி இறங்கினாள். கரையேறும்போது மணி நான்கு. மூன்று வால் பூச்சி பதினேழு. சரிபார்க்க என்னையும் எண்ணச் சொன்னாள், பதினேழுதான். இவ்வளவு நேர்மையான நோட்டை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை, என்னுடையதையும் சேர்த்துத்தான்.

தாங்கள் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை; அவள் இந்த வேலையிலேயே இருப்பதுதான் சரி என்று பட்டது. என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம், மன்னியுங்கள். திரும்பும் வழியில், அப்பா மூட்டுவலி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று என்னிடம் விசாரித்தாள். தங்களிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறாள்.

அவளுக்கு ஒரு போன் செய்யுங்கள். வேலையைப் பற்றி வேண்டாம். இன்று என்ன பூச்சி கிடைத்தது என்று மட்டும் கேளுங்கள்.

தங்கள் அன்பை என்றும் நாடும்,
குஞ்சிதபாதம்