கொல்லைக் கள்ளி

1928 ஜனவரி 30, வாடிப்பட்டி

காலையில் வீடு பார்க்க வந்தவர் கொல்லைக் கதவைத் திறந்தார், மூடினார், போய்விட்டார். இவர் மூன்றாவது ஆள். கிணற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்குச் சப்பாத்திக்கள்ளி. வெட்டினால், விழுந்த மட்டையெல்லாம் வேர் விடுகிறது. என் வீட்டுக்காரர் மவுத்தான இந்த இரண்டு வருஷத்தில் கிணறே மறைந்துவிட்டது.

பிப்ரவரி 6

செல்லூரிலிருந்து மகள் லத்தீபாவின் கடிதம். மூன்றாவது மாதமாம். முன்னால் இரண்டும் தங்கவில்லை. மருமகன் ரங்கூனில். அவள் இருப்பது ஒற்றை அறை, எனக்கு இடமில்லை. இந்த வீட்டை விற்றால்தான் அங்கே ஒரு வீடு பிடித்து அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 14

கொழுந்தன் சேக் மைதீன் ஆள் வைத்துக் கள்ளியைத் தரையோடு வெட்டி, மண்ணை இழுத்து மூடிவிட்டார். "துளிர்க்கிறதுக்குள்ள பத்திரம் முடிஞ்சிரும் மதினி. வாயத் தொறக்காதீங்க."

நான் தடுக்கவில்லை.

பிப்ரவரி 18

அலங்காநல்லூர் முத்துக்கருப்பன் சம்சாரத்தோடு வந்தார். விவசாயி. வீடு பிடித்துவிட்டது. கொல்லையைப் பார்த்து அவர் சம்சாரம் அன்னக்கொடி, "எம்புட்டு எடம். பிள்ளைக ஓடியாடும்" என்றாள்.

கதவுக்குப் பின்னால் நின்றவள் சொல்லிவிட்டேன். "மண்ணுக்கடியில கள்ளி கெடக்குண்ணே. முள்ளும் கெடக்கு. பிள்ளைகள விட்டுராதீங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கொழுந்தன், "இனி ஒங்க பாடு" என்றார்.

பிப்ரவரி 19

ஏன் சொன்னேன்? சொல்லாமல் இருந்திருந்தால் — இந்நேரம் மூட்டை கட்டியிருப்பேன். கிறுக்கச்சி. அந்தப் பிள்ளைக காலு என்னத்துக்கு ஆகும், அதையும் சொல்லு.

பிப்ரவரி 25

நோன்பு தொடங்கிவிட்டது. இன்று முத்துக்கருப்பனும் அன்னக்கொடியும் திரும்ப வந்தார்கள், வண்டியில் கள்ளி மட்டைகளோடு. பதறிப்போனேன். மட்டை மேல் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை. அன்னக்கொடி அதை நசுக்கினாள். விரல் ரத்தமாய்ச் சிவந்தது.

"பூச்சிக்கா. சர்க்கார் ஆளுக கொண்டாந்து விட்டது. எங்க வேலியவே தின்னு தீத்துருச்சு. கள்ளியத் தவிர எதையும் தொடாது."

முத்துக்கருப்பன் மண்ணை விலக்கி, வெட்டிய கட்டைகள் மேல் மட்டைகளைப் பரப்பினார். "மண்ணு கிண்டுனது அன்னைக்கே தெரிஞ்சுச்சு தாயி. சொல்லுறீகளான்னுதான் பாத்தேன். கள்ளி சாகட்டும், பத்திரம் வச்சுக்கிருவோம். வேற யாருக்கும் குடுத்துராதீக."

அவர்கள் போனபிறகு அழுதேன்.

மார்ச் 20

துளிர் வந்துவிட்டது. அதன்மேல் வெள்ளையும் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 17

எல்லாம் மஞ்சளாகித் தொங்குகிறது. குச்சியால் குத்தினால் கூழ். கொல்லை முழுக்க அழுகல் நாற்றம். மூச்சை இழுத்து இழுத்து விட்டேன்.

மே 21

பத்திரம் பதிவாகிவிட்டது. கொழுந்தனே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்க்காமல், "நல்ல ஆளுகதான் மதினி" என்றார்.

ஆகஸ்ட் 19, செல்லூர்

பெண் குழந்தை. இன்று ஒன்பதாம் நாள். இடது கையில் அவளை வைத்துக்கொண்டு வலது கையால் இதை எழுதுகிறேன். "கீழ போடுங்கம்மா, கை வலிக்கும்" என்கிறாள் லத்தீபா.

போடவில்லை.