தோட்டத்தில் ஒன்பது பேர்

தம்பிக்கு,

உன் பள்ளியை மதிப்பிட வேறு அதிகாரியை அனுப்பச் சொன்னேன், மேலிடம் கேட்கவில்லை; என்னையே அனுப்பிவிட்டது. போன தேர்வில் ஏழைப் பிள்ளைகளும் மற்றவர்களும் சமமாகத் தேறியதாக, தலைமையாசிரியராக நீ காட்டிய தாளுக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

இன்று தேர்வு நடந்த வேளையில் பள்ளியின் பின்பக்கத் தோட்டத்துக்குப் போனேன். ஒன்பது பிள்ளைகள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பரீட்சை எழுதலையாம்மா?"

"நாங்க எழுதினா ஸ்கூலுக்கு மார்க் கொறைஞ்சிடும் சார். பெரிய சார் எங்களுக்கு ஆப்சென்ட் போட்டுட்டார்," என்றாள் ஒருத்தி, பெருமையாக.

நம் சிறுவயதில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், திக்கிப் பேசும் என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு அப்பா உன்னைச் செய்யுள் ஒப்பிக்கச் சொல்வார். அண்ணன் எங்கே என்று நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பழி தீர்க்கிறேன் என்பாய். இருக்கட்டும். மதிப்பீட்டு அறிக்கையில் நான் கையெழுத்துப் போடவில்லை. நாளை ஒன்பது பேருக்கும் நானே வாய்மொழித் தேர்வு வைக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் சரி, நீயும் பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

உன் அண்ணன்