குழைசோறும் மூன்று சுஷித் துண்டுகளும்

மார்ச் 2, திங்கள்

கிளினிக்கில் இன்று கூட்டமே இல்லை. ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் பல்வலி நின்றுவிட்டது போல. வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து நேற்று மதியத்தையே மென்றுகொண்டிருந்தேன்.

நேற்று ஓரகத்தி வீட்டில் சாப்பாடு. நாத்தனாரின் புது மருமகளுக்கு எல்லோரையும் அறிமுகம் செய்துவைத்தாள். என் முறை வந்தது. "இவதான் நம்ம குழைசோறு." அந்தப் பெண் விழித்தது. உடனே கதை ஆரம்பம். கல்யாணமாகி வந்த முதல் மாதம் நான் வடித்த சோறு. அதை இவள் கரண்டியில் எடுத்து, எல்லோர் முன்னாலும் கரண்டியைத் தலைகீழாகத் திருப்பினாள். சோறு விழவில்லை. குலுக்கினாள். அப்போதும் விழவில்லை. (நான் வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்துக்கொண்டே அடுப்பை மறந்தது உண்மை. மறுக்கவில்லை.)

நேற்றும் கரண்டியோடுதான் நடித்துக் காட்டினாள். இருபத்திரண்டு வருடமாக அதே கதை, அதே குலுக்கல். நூறாவது தடவை பார்க்கும் படத்துக்கும் விசிலடிப்பவர் மாதிரி என் வீட்டுக்காரர் சிரித்தார். அவள் சொன்னது தோலில் பட்டது. அவர் சிரித்ததுதான் உள்ளே போனது. முதல் மாதமும் சிரித்தார். ஒரே ஒரு தடவை, "போதும் அண்ணி" என்று சொன்னால் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்?

சாப்பிட்டு முடிக்கும்போது அறிவிப்பு. ஏப்ரல் பன்னிரண்டு அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாள். சுஷி விருந்து, கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டி வெட்டுகிற ஜப்பான் பலகாரம். "நானே என் கையால செய்யப்போறேன். கிளாஸ் போய் கத்துக்கிட்டேன்." குடும்பக் குழுவில் ஏப்ரன் கட்டிய போட்டோவும் வந்துவிட்டது. கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை, அளவெடுத்து ஒட்டிய மாதிரி.

"குழைசோறு, நீ பயப்படாதே. உனக்குத் தனியா ரொட்டி வாங்கி வைக்கிறேன்."

ரொட்டியாம்.

மார்ச் 4, புதன்

அதே வகுப்பில் நானும் சேர்ந்துவிட்டேன். நான்கு சனிக்கிழமை. வீட்டில் முட்டிவலிக்கு உடற்பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன். திட்டம் சின்னதுதான். தொழிலைக் கற்றுக்கொண்டு போய், விருந்தில் முதல் துண்டை மென்று, நிதானமாக ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும்: "அக்கா, சோறு கொஞ்சம் குழைஞ்சிருக்கே."

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். "கொஞ்சம்" என்ற இடத்தில் தலையை லேசாகச் சாய்த்தால் நன்றாக இருக்கிறது.

மார்ச் 7, சனி

துணிக்கடை மாடியில் ஒரு நீள அறை. எஃகு மேஜைகள், ஒரு மேஜைக்கு இரண்டு பேர். டீச்சர் பதினைந்து வருடம் கப்பலில் சமைத்தவள். அலைக்கு மேலே கேட்கிற மாதிரிதான் பேசுகிறாள். உள்ளே நுழைந்ததும் மோதிரம், வளையல், நெயில் பாலிஷ் எல்லாம் போக வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டச் சொல்கிறாள். என் நகத்தில் வெட்ட ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கடித்ததற்கு முதல் பலன்.

என் மேஜை ஜோடி ஒரு பஸ் டிரைவர். மொட்டைத் தலை, ஒவ்வொரு விரலும் ஒரு கேரட். அவர் தொட்டால் மேஜையே நசுங்கும் என்று நினைத்தேன். அந்த மனிதர் மூங்கில் பாயை உருட்டியது கைக்குழந்தையைத் துணியில் சுற்றியது மாதிரி இருந்தது. நான் உருட்டியது, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியவளுடைய மூட்டை மாதிரி.

இன்று தெரிந்துகொண்டது: இந்தச் சோறு ஒட்ட வேண்டும், ஆனால் குழையக் கூடாது. ஒவ்வொரு பருக்கையும் தனியாகவும் தெரிய வேண்டும், பக்கத்துப் பருக்கையை விடவும் கூடாது. கூட்டுக் குடும்பம்தான், வேறென்ன. வெந்த சோற்றை மரத் தொட்டியில் கொட்டி, வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைத் தெளித்து, அகப்பையால் வெட்டுகிற மாதிரி புரட்ட வேண்டும். ஒருவர் புரட்ட, இன்னொருவர் பக்கத்தில் நின்று விசிற வேண்டும். சோறு பளபளவென்று ஆகிற வரை. அப்புறம் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் காய்ந்துபோகும்.

டிரைவர் விசிறினார். எனக்காக ஒரு ஆம்பளை பத்து நிமிஷம் வாய் திறக்காமல் விசிறியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. வினிகர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

வீட்டுக்காரர் என் பக்கம் வந்து மூக்கை உறிஞ்சினார். "முட்டிக்கு வினிகரா தடவுறாங்க?" ஆமாம் என்றேன். புது வைத்தியம் என்றேன். தன் முட்டியையும் தடவிப் பார்த்துக்கொண்டார். பாவம் என்று தோன்றியது. ஒரு நொடிதான்.

மார்ச் 14, சனி

கத்தி வகுப்பு. இந்தக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சாணை பிடித்திருக்கும், அதுவும் வலது கைக்காரர்களுக்கு. நான் இடது கை. நேராக வெட்டினால் கத்தி தன் பாட்டுக்கு ஒதுங்குகிறது. எட்டுத் துண்டும் காற்றில் சாய்ந்த மரம் மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. டீச்சர் பார்த்தாள்.

"சாயட்டும். ஆனா எல்லாம் ஒரே பக்கம் சாயணும். உன் கையெழுத்துன்னு வச்சுக்கோ."

வீட்டில் வெள்ளரிக்காய் நறுக்கினாலும் இதே சாய்வுதான். அவர் அடிக்கடி கேட்பார், வெள்ளரிக்காய்க்கும் முட்டிவலியா என்று. அன்றெல்லாம் பதில் சொல்லத் தெரியவில்லை. கையெழுத்தாம்!

மார்ச் 21, சனி

வசாபி. பச்சை நிறக் காரப் பசை, பட்டாணி அளவுதான். சரியாகத் தடவினால் மணம், அளவு மீறினால் மூளைக்குள் தீக்குச்சி. டிரைவர் ஆர்வத்தில் ஒரு விரல் நக்கிவிட்டு, அடுத்த ஸ்டாப் வரைக்கும் இறங்க முடியாதவர் மாதிரி நின்றார்.

நான் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 28, சனி

கடைசி வகுப்பு. என் சோறு இன்று பளபளத்தது. துண்டைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினேன், ஒரு பருக்கை உதிரவில்லை. டீச்சர் என் துண்டைத் தின்றுவிட்டு இன்னொன்று எடுத்தாள். சொல்லால் பாராட்டுகிற ஜாதி இல்லை அவள். இரண்டாவதாக எடுத்தாளே, அது போதும்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. ஏப்ரல் பன்னிரண்டு காலை பெரிய ஆர்டர் இருக்கிறதாம், நூற்றிருபது துண்டு. கைப் பழக்கத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டாள். தேதியைக் கேட்டதுமே உள்ளே ஏதோ ஒன்று காதை நிமிர்த்தியது. வாடிக்கையாளர் தன் வீட்டுத் தட்டுகளையே கொடுத்து அனுப்பியிருக்கிறாராம், அதிலேயே அடுக்கித் தர வேண்டுமாம். பெட்டி, பெயர், எதுவும் கூடாதாம். டீச்சர் அலமாரியைத் திறந்தாள்.

நீலத் தட்டு. விளிம்பில் ஒரு சின்ன உடைசல். ஓரகத்தி புது வீட்டுக்குக் குடிபோனபோது நான் வாங்கிக் கொடுத்த தட்டு. உடைந்தது என் கையில் என்று அன்றைக்கும் ஒரு கதை சொன்னாள்.

யார் என்று கேட்டேன், குரலைத் தரையில் வைத்து.

"போன பேட்ச்ல ஒரு நாள் வந்தாங்க. நகத்தை வெட்டச் சொன்னேன். போட்டோ எடுத்துக்கிட்டாங்க, போயிட்டாங்க."

நான் வருகிறேன் என்று கை தூக்கினேன். டிரைவரும் தூக்கினார். படி இறங்கும்போது அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

மார்ச் 30, திங்கள்

சந்தோஷம் தாங்காமல் மூன்று நோயாளிகளுக்குத் தப்பான நேரம் கொடுத்துவிட்டேன்.

ஆனால் யோசித்தால் வயிறு எரிகிறது. நான் செய்து, அவள் பெயர் வாங்கப் போகிறாள். எழுந்து நின்று போட்டு உடைக்கலாம். யார் நம்புவார்கள்? குழைசோறுக்குப் பொறாமை என்பார்கள். அதற்கும் ஒருத்தர் முதல் ஆளாகச் சிரிப்பார். என் பொன்னான வரியும் போயிற்று. என் கையால் வடித்த சோற்றை நானே குழைந்தது என்று எப்படிச் சொல்வது? அதைவிடக் கேவலம், குழையவே குழையாது. அவ்வளவு நன்றாகக் கற்றுத் தொலைத்துவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

வசாபி.

ஏப்ரல் 11, சனி

கணக்காக மூன்று துண்டு. நீலத் தட்டின் மூலையில், இஞ்சிச் சீவலை மடித்து வைக்கிற பூவுக்குப் பக்கத்தில். எந்தத் தட்டு வந்தாலும் மூலையில் இருப்பதை முதலில் எடுப்பவள் ஓரகத்திதான். கேக்கானாலும் சரி, சோபாவானாலும் சரி. டிரைவரிடம் மட்டும் போனில் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் ரோட்டைப் பார்த்துதான் ஓட்டுவேன்" என்றார். போனை வைப்பதற்கு முன்னால்: "பசையை நடுவுல வை. ஓரத்துல வச்சா பச்சை தெரிஞ்சிடும்."

ஏப்ரல் 12, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஆறிலிருந்து பத்தரை வரை உருட்டினோம். நூற்றிருபதும் என் கத்தி. நூற்றிருபதும் ஒரே பக்கம் சாய்வு. மூலை மூன்றுக்கும் "மருந்து" வைத்தேன். டிரைவர் அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியே போக்குவரத்தைக் கவனித்தார். பிறகு வீட்டுக்கு ஓடிக் குளித்து, வாசனைத் திரவியத்தில் பாதியைத் தலையில் கவிழ்த்து, வீட்டுக்காரரோடு ஒன்றும் தெரியாதவளாகப் போய் உட்கார்ந்தேன்.

ஓரகத்தி ஏப்ரன் கட்டியிருந்தாள். கன்னத்தில் அதே பருக்கை. தட்டுகள் வந்தன. எல்லோரும் வாய் பிளந்தார்கள். அவள் ஒரு துண்டைக் குச்சியால் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிக் குலுக்கினாள். "பாருங்க, ஒரு பருக்கை உதிருதா? இதுக்குத்தான் கைப்பக்குவம் வேணும்ங்கிறது." இருபத்திரண்டு வருடமாக எந்தக் குலுக்கலுக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார்களோ, அதே குலுக்கலுக்குக் கை தட்டினார்கள். எனக்கு. ஆனால் அவளுக்கு.

நீலத் தட்டின் மூலைக்கு அவள் கை போயிற்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எடுத்தாள். வாய்க்குக் கொண்டு போகவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். மொபைலில் நாத்தனார் படம் பிடித்துக்கொண்டிருந்தாளே, அதற்காக.

"குழைசோறு, வாயைத் திற. ரொட்டி வேண்டாம், முதல் துண்டு உனக்குத்தான்."

என்ன செய்வேன்? திறந்தேன். ஊட்டினாள்.

பல் பிடுங்க வருகிறவர்களிடம் நான் தினமும் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன்: பயப்படாதீங்க, மூக்கால மூச்சு விடுங்க. எங்கே மூக்கு? மூக்கு இருந்த இடத்தில் ஒரு அடுப்பு இருந்தது. காது வழியாக ஏதோ வெளியேறியது. கண்ணிலிருந்து தாரை தாரையாக. துப்பினால் தெரிந்துவிடும், கத்தினாலும் தெரிந்துவிடும். மென்றேன்! புன்னகையோடு மென்றேன்.

"பாருங்க, என் சாப்பாட்டுல உருகி அழுதுட்டா" என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

சிரிப்பு கிளம்பியது. வழக்கமாக முதலில் கேட்கிற சிரிப்பு மட்டும் கேட்கவில்லை. கண்ணீர் வழியாகத் தேடினேன். என் வீட்டுக்காரர் தட்டை மூக்குக்கு நேரே பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகமும் சிவந்திருந்தது. தொண்டையைச் செருமினார்.

"அண்ணி, ஒரு சந்தேகம். இது எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிருக்கே. எங்க வீட்டு வெள்ளரிக்காய் மாதிரி. நீங்க எப்போ இடது கைக்கு மாறினீங்க?"

நாத்தனார் மொபைலை இறக்கவில்லை, நல்லவள். புது மருமகள் எழுந்து வந்து தட்டைப் பார்த்தது. என் இடது கையைப் பார்த்தது. ஓரகத்தியின் ஏப்ரனில் ஒரு கறைகூட இல்லாததைப் பார்த்தது. அப்புறம் அவளுடைய நீள நகத்தை. புத்திசாலிப் பெண்.

"அது வந்து, அந்த கிளாஸ்ல அப்படித்தான்..." என்று ஆரம்பித்தாள் ஓரகத்தி. பதில் சொல்லாமலிருக்க மூலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது துண்டு.

நானும் அவளும் மேஜைக்கு இருபுறமும் உட்கார்ந்து கண்ணீர் வடிய ஒருவரையொருவர் பார்த்தோம். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளாலும் துப்ப முடியாது. தான் செய்ததாயிற்றே. கடைசியில் நான்தான் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன். மெதுவாக. மிக மெதுவாக.

ஏப்ரல் 13, திங்கள்

குடும்பக் குழுவில் ஏப்ரன் போட்டோவைக் காணோம்.

ஏப்ரல் 15, புதன்

ஓரகத்தியிடமிருந்து போன். தட்டுகள் வந்த கூடையோடு நீலத் தட்டும் டீச்சரிடம் தவறிப் போய்விட்டதா என்று கேட்கிற சாக்கில். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயர் யாருடையது என்று எனக்கே ஒரு நொடி பிடிபடவில்லை. தெரியாது அக்கா என்றேன். தட்டு என் அலமாரியில் இருக்கிறது. டீச்சர் உள்விவரம் தெரியாமல், நீயே சேர்த்துவிடு என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். இருக்கட்டும், நான் வாங்கியதுதானே.

ஏப்ரல் 19, ஞாயிறு

மூன்றாவது துண்டு ஒரு வாரமாக உறுத்திக்கொண்டே இருந்தது. யாரும் அலறவில்லை. யார் தின்றார்கள்?

இன்று மதியம் வீட்டிலேயே சுஷி செய்யலாம் என்று சோற்றைத் தொட்டியில் கொட்டினேன். முட்டிவலிக் கதை முடிந்துபோனதால் இனி ஒளிக்க ஒன்றுமில்லை. மடித்த செய்தித்தாளை அவர் கையில் கொடுத்து விசிறச் சொன்னேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் விசிறினார். கொஞ்ச நேரம் கழித்து, சோற்றைப் பார்த்தபடி சொன்னார்:

"மூணாவது நான்தான் தின்னேன்."

நான் அகப்பையை நிறுத்தினேன்.

"சாய்வை எல்லாம் அப்புறம்தான் பார்த்தேன். வாயில வச்சதுமே தெரிஞ்சுடுச்சு, இது நீ செஞ்சதுன்னு. இவ்வளவு கோபத்தோட யாரு எனக்கு சமைச்சுப் போடுவா?" இன்னும் கொஞ்சம் விசிறினார். "அந்தக் கரண்டி விஷயம். முதல் நாளே நிறுத்தியிருக்கணும், இல்ல?"

மறுபடி புரட்டினேன்.

"கை வலிக்குது. போதுமா?"

தொட்டியைப் பார்த்தேன். சோறு அப்போதே பளபளக்க ஆரம்பித்திருந்தது.

இன்னும் இல்லை என்றேன்.